சொந்த மொடியூலைப் பைதன் ஏன் கண்டுபிடிப்பதில்லை? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காக எழுதியது? எப்படி வாசிப்பது?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் முதல் வருடத்தில் இருப்பவர்கள், பகலில் வேலைக்குப் போய் இரவில் பைதன் நிரல்மொழி பழகுகிறவர்கள் ஆகிய மூன்று பேரும் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்பது ஒரே கேள்விதான்: "நான் எழுதிய கோப்பை நானே இம்போர்ட் பண்ண முடியவில்லை." மொடியூல் என்பது அப்படி எழுதிய ஒரு பைதன் கோப்பு, அதை இன்னொரு கோப்பிலிருந்து கூப்பிடுவதுதான் இம்போர்ட். அந்தக் கேள்விக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்: ஒரு சம்மாட்டிக்கு (மீன்பிடிப் படகு உரிமையாளருக்கு) அன்றாட மீன் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சிறிய புரோகிராம். ஃபோல்டர் இப்படி இருக்கிறது:

கணக்கு/
    ஓட்டு.பை
    சந்தை/
        \_\_இனிட்\_\_.பை
        விலை.பை
        எடை.பை
    சோதனை/
        விலை_சோதனை.பை

எடை.பை கிலோவைக் கூட்டும். விலை.பை அந்த எடையை வாங்கி, அறக்குளாவுக்கு என்ன, சூரைக்கு என்ன என்று பெருக்கும். ஓட்டு.பை இரண்டையும் கூப்பிடும்.

இரண்டு கோப்பும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. ஆனாலும் "மொடியூல் நொட் ஃபவுண்ட்" என்கிறதே?

பைதன் உங்கள் கணினி முழுவதையும் தேடுவதில்லை. அதன் கையில் ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிஸ்.பாத். மேலிருந்து கீழாகப் பார்த்து, கேட்ட பெயரில் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு தேடுவதை நிறுத்திவிடும். பட்டியலின் தலையில் இருப்பது நீங்கள் ஓட்டும் கோப்பு கிடக்கிற ஃபோல்டர். டெர்மினலில் நீங்கள் நிற்கிற ஃபோல்டர் அல்ல. பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான். அதற்குப் பின் பைதன்பாத் என்ற சூழல் மாறியில் எழுதிய ஃபோல்டர்கள், பிறகு பைதனோடு வந்த நூலகம், கடைசியாக, பிறர் எழுதிய நூலகங்களை நிறுவும் பிப் என்ற கருவி அவற்றைக் கொண்டுவந்து வைக்கும் சைட்-பெக்கேஜஸ் ஃபோல்டர்.

ஆகவே உண்மையிலேயே இரண்டு கோப்பும் பக்கத்தில் இருந்தால் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அவ்வளவுதான். பாடசாலை ஆய்வுகூடங்களில் நான் அதிகம் பார்ப்பது, நோட்பேடில் சேமித்த கோப்பு விலை.பை.டிஎக்ஸ்டி ஆகிவிடுவது. விண்டோஸ் கடைசி நீட்டிப்பை மறைத்துக் காட்டுவதால் பார்வைக்கு விலை.பை என்றே தெரியும். எக்ஸ்புளோரரில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தெரிவுசெய்தால் உண்மை வெளிவரும்.

அடுத்தது பெயர். மீன்-விலை.பை என்று நடுவில் கழித்தல் குறி போட்டால், பைதன் அதை மீனிலிருந்து விலையைக் கழிக்கச் சொன்னதாகத்தான் வாசிக்கும். 2விலை.பை என்று இலக்கத்தில் தொடங்கினாலும் இம்போர்ட் ஆகாது. இடைவெளியும் கூடாது. அடிக்கோடு போடலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, ஆனால் இம்போர்ட் செய்யும்போது பைதன் விண்டோஸிலும் பொருட்படுத்தும்.

இதெல்லாம் சரி என்றால், ஓட்டு.பையின் முதல் வரிகளாக இவற்றைப் போடுங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)
பிரிண்ட்(சிஸ்.பாத்)

முதல் பிரிண்ட், எந்தப் பைதன் ஓடுகிறது என்று சொல்லும். இரண்டாவது பிரிண்ட், அது எங்கெல்லாம் தேடுகிறது என்று சொல்லும். டவுன்லோட்ஸில் கிடக்கிற பழைய பிரதியைத்தான் இவ்வளவு நேரமும் ஓட்டியிருக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் இந்த இடத்தில் தெரியவரும்.

கோப்பை உள்ஃபோல்டருக்குள் போட்டேன். இனி எப்படிக் கூப்பிடுவது?

ஓட்டு.பையில் இப்படி:

ஃப்ரொம் சந்தை இம்போர்ட் விலை

ஃபோல்டர் பெயர், புள்ளி, கோப்புப் பெயர் என்று சேர்த்து "இம்போர்ட் சந்தை.விலை" என்றும் எழுதலாம். சாய்கோடு வேண்டாம், .பை வேண்டாம்.

அந்த \_\_இனிட்\_\_.பை கட்டாயமா? அது இல்லாமலும் எனக்கு ஓடுகிறது.

ஒரு ஃபோல்டர் பெக்கேஜ், அதாவது மொடியூல்களின் தொகுப்பு, என்று பைதனுக்குக் காட்டுவது அந்தக் கோப்பு. பைதன் 3.3இலிருந்து அது இல்லாத ஃபோல்டரையும் பெக்கேஜாக ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் ஒரு வெற்றுக் கோப்பையாவது போட்டுவிடச் சொல்வேன். அது இல்லாத ஃபோல்டருக்குப் பைதன் இரண்டாம் மரியாதைதான் கொடுக்கும். பட்டியலில் பின்னால் எங்காவது அதே பெயரில் ஒழுங்கான பெக்கேஜோ கோப்போ இருந்தால் உங்கள் ஃபோல்டரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சோதனை ஓட்டும் கருவிகளும் பொதிசெய்யும் கருவிகளும் சில வேளை அந்த ஃபோல்டரைக் கண்டுகொள்ளாமல் போகும். வெற்றுக் கோப்பு ஒன்றுக்கு ஒரு செலவும் இல்லை.

விலை.பையைத் தனியே ஓட்டினால் ஓடுகிறது, ஓட்டு.பை வழியாக ஓட்டினால் பிழை. புள்ளி போட்டுத் திருத்தினால் இப்போது தலைகீழ்! என்ன விளையாட்டு இது?

வருகிற கேள்விகளில் மிக நல்ல கேள்வி இதுதான். ஆறுதலாகப் பார்ப்போம்.

விலை.பைக்கு எடை.பை வேண்டும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று உள்ளே "இம்போர்ட் எடை" என எழுதுகிறீர்கள். விலை.பையை நேரே ஓட்டும்போது பட்டியலின் தலையில் சந்தை ஃபோல்டர் இருக்கும். எடை அதற்குள் இருப்பதால் கிடைக்கிறது. ஓட்டு.பையை ஓட்டும்போதோ தலையில் இருப்பது கணக்கு ஃபோல்டர். அங்கே எடை.பை இல்லை. எழுதிய வரி மாறவில்லை, ஆனால் ஓட்டத் தொடங்கிய இடம் மாறிவிட்டது. பைதன் 2இல் பக்கத்துக் கோப்பு இப்படிச் சும்மா கிடைத்துவிடும். பழைய நோட்ஸ்களைப் பிரதி எடுத்து இன்னமும் கைமாற்றுகிறவர்கள் அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே கைமாற்றுகிறார்கள்.

சரி, "ஃப்ரொம் . இம்போர்ட் எடை" என்று புள்ளி போடுகிறீர்கள். புள்ளிக்குப் பொருள் "நான் இருக்கிற பெக்கேஜ்". ஓட்டு.பை வழியாக வந்தால் விலை.பையின் முழுப் பெயர் சந்தை.விலை. தான் சந்தைக்குள் இருப்பது அதற்குத் தெரியும். நேரே ஓட்டினால் அதன் பெயர் வெறும் \_\_மெயின்\_\_. எந்தப் பெக்கேஜிலும் சேராத கோப்பு அது. அப்போது புள்ளி எதைச் சுட்டும்? "நோ நோன் பேரன்ட் பெக்கேஜ்" என்ற பிழை அதைத்தான் சொல்கிறது.

தீர்வு, எப்போதும் கணக்கு ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுவது:

பைதன் -எம் சந்தை.விலை

-எம் போட்டால், கோப்பு கிடக்கிற இடம் கணக்கில் வராது, நீங்கள் நிற்கிற ஃபோல்டர்தான் பட்டியலின் தலைக்கு வரும். பெக்கேஜ் பெயரும் கூடவே போகும். இப்போது இரண்டு வழியிலும் ஓடும். புள்ளி பிடிக்காதவர்கள் "ஃப்ரொம் சந்தை இம்போர்ட் எடை" என்று முழுப் பெயரையே எழுதலாம். எனக்கும் அதுதான் பிடிக்கும், கண்ணில் பட்டவுடன் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது.

இதில் ஒளிந்திருக்கிற ஒரு பொறி: -எம் போட்டு ஓட்டிய விலை.பையை வேறொரு மொடியூல் திரும்ப இம்போர்ட் செய்தால், அது \_\_மெயின்\_\_ என்ற பெயரில் ஒரு தடவையும் சந்தை.விலை என்ற பெயரில் ஒரு தடவையுமாக இரண்டு முறை ஏறும். அதற்குள் வைத்த லிஸ்ட்டும் இரண்டாகிவிடும். ஒன்றில் போட்ட கணக்கை மற்றதில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தொடங்கும் கோப்பைத் தனியாக, ஒருவரும் இம்போர்ட் செய்யாததாக வைத்திருப்பது அதனால்தான் நல்லது. நம் உதாரணத்தில் ஓட்டு.பைக்கு வேறு வேலை இல்லை.

எல்லாக் கோப்பின் தலையிலும் சிஸ்.பாத்.அப்பென்ட் போட்டால் முடிந்ததே? யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஓடும். நாளைக்கு அந்த ஃபோல்டரை இடம் மாற்றும் வரைக்கும் ஓடும். உங்கள் கணினியின் டி டிரைவ் பாதையை எழுதிவிட்டு, கிண்ணியாவில் இருக்கிற நண்பருக்கு அனுப்பினால் அவரிடம் அந்த டிரைவே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, அப்பென்ட் பட்டியலின் கடைசியில்தான் சேர்க்கும். மேலே அதே பெயரில் ஏதாவது இருந்தால் உங்களுடையது அகப்படாது. அதற்காக இன்சேர்ட் போட்டு முன்னால் நுழைத்தால், பிறருடைய நூலகங்கள் தேடுகிற பெயர்களையும் நீங்கள் மறைத்துவிடக்கூடும்.

பைதன்பாத் இதைவிடக் கொஞ்சம் மேல். கோடுக்குள் (எழுதிய நிரலுக்குள்) கை வைக்கத் தேவையில்லை. ஆனால் அதை விண்டோஸில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால், கணினியில் உள்ள எல்லாப் பைதனும் எல்லா புரொஜெக்ட்டும் அதை வாசிக்கும். மாதக்கணக்குக்குப் பிறகு வேறொரு புரொஜெக்ட் விசித்திரமாக உடையும்போது காரணம் ஞாபகத்துக்கு வராது. ஜுப்பிட்டர் நோட்புக்கில் அவசரத்துக்குப் பார்க்க அப்பென்ட் பரவாயில்லை. ஒப்படைக்கிற செயற்றிட்டத்தில் அதைக் கண்டால் நான் புள்ளி குறைப்பேன்.

பைசார்மில் ஓடுகிறது, டெர்மினலில் ஓடவில்லை.

பைசார்ம் என்ற எடிட்டர் உங்கள் புரொஜெக்ட் ஃபோல்டரைத் தானாகவே பைதன்பாத்தில் சேர்த்துவிட்டுத்தான் ஓட்டும். டெர்மினல் அந்த உதவியைச் செய்யாது. மேலே சொன்னபடி -எம் போட்டு ஓட்டுங்கள். விஎஸ் கோடில் பிரச்சினை என்றால், கணக்கு ஃபோல்டரையே திறந்திருக்கிறீர்களா, அதற்கு மேலுள்ள ஃபோல்டரைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

டர்ட்டில் பாடம் எடுத்த அன்று வகுப்பில் எல்லோருக்கும் பிழை வந்தது. ஏன்?

டர்ட்டில் என்பது பைதனோடு வரும், படம் வரைகிற மொடியூல். எல்லோரும் கோப்புக்கு டர்ட்டில்.பை என்றே பெயர் வைத்திருப்பார்கள்! "இம்போர்ட் டர்ட்டில்" என்றதும் பட்டியலின் தலையில் உங்கள் கோப்பே நிற்கிறது. பைதன் அதையே திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்குள் ஃபோர்வர்ட் இல்லையே என்று புலம்புகிறது. ரேண்டம்.பை, கேலண்டர்.பை, ஈமெயில்.பை எல்லாம் இதே வகை. ஈமெயில் இன்னும் மோசம். நீங்கள் அதை இம்போர்ட் செய்யாவிட்டாலும், இணையத்தோடு பேசுகிற வேறு நூலகங்கள் உள்ளுக்குள் அதைத் தேடும். உடைவது எங்கோ, காரணம் எங்கோ.

2024இல் வந்த 3.13 பதிப்பு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பைதனின் சொந்த நூலகத்திலுள்ள பெயரை வைத்திருக்கிறீர்கள், மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடும். பழைய பதிப்பில் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்: பிரிண்ட்(டர்ட்டில்.\_\_ஃபைல்\_\_) போட்டால் எந்தக் கோப்பு ஏறியது என்று தெரியும். தலைகீழான கதையும் உண்டு. டைம்.பை என்று வைத்தால் உங்கள் கோப்பு ஒருநாளும் கிடைக்காது. டைம் பைதனுக்குள்ளேயே கட்டப்பட்டது, பட்டியலைப் பார்க்கும் முன்னரே அகப்பட்டுவிடும்.

பிப் போட்டு நிறுவினேன், "ஏற்கனவே இருக்கிறது" என்கிறது. இம்போர்ட் செய்தால் இல்லை என்கிறது.

உங்கள் கணினியில் இரண்டு பைதன் இருக்கிறது. பிப் ஒன்றுக்குப் போட்டது, நீங்கள் மற்றதை ஓட்டுகிறீர்கள். வெறும் "பிப்" என்று தட்டாமல் இப்படித் தட்டுங்கள் (பண்டாஸ் ஓர் உதாரண நூலகம்):

பைதன் -எம் பிப் இன்ஸ்டோல் பண்டாஸ்

எந்தப் பைதன் ஓடப்போகிறதோ அதற்கே போய்ச் சேரும். விண்டோஸில் "பை -0" என்று தட்டினால் நிறுவப்பட்ட பதிப்புகளின் பட்டியல் வரும்.

ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் தனி வென்வ் (அதற்கு மட்டுமான பைதன் சூழல்) வைப்பது இன்னும் நல்லது. புதிய உபுண்டுவிலும் டெபியன் 12இலும் கணினியின் பொதுப் பைதனில் பிப் போட விடவே விடாது, "எக்ஸ்டேர்னலி மெனேஜ்ட்" என்று மறித்துவிடும். ஆய்வுகூடக் கணினியில் நிர்வாகி அனுமதி இல்லாதவர்களுக்கும் வென்வ் போதும்.

ஆனால் வென்வ் ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், இடம் மாறினால் உடையும். வீட்டில் இணைப்பு மந்தம் அல்லது டேட்டா குறைவு என்றால் வழி இருக்கிறது. வளாகத்தில் "பைதன் -எம் பிப் டவுன்லோட் பண்டாஸ் -டி பொதி" என்று தட்டினால், பண்டாஸும் அதற்கு வேண்டியவையும் பொதி என்ற ஃபோல்டரில் இறங்கும். அதைக் கொண்டுபோய், வீட்டில் "பைதன் -எம் பிப் இன்ஸ்டோல் --நோ-இண்டெக்ஸ் --ஃபைன்ட்-லிங்ஸ் பொதி பண்டாஸ்" என்று நிறுவுங்கள். இரண்டு கணினியிலும் பைதன் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். 2008இல் வந்த பைதன் 3.0 தொடக்கம் மாறி (வேரியபிள்), செயற்கூறு, மொடியூல் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் செல்லும். ஆனால் யுனிகோடில் தட்டியிருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் அது ஆங்கில எழுத்துகளின் கலவைதான், எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் இல்லை.

யுனிகோடிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோணேசர்.பை என்று ஒரு கோப்பு வைப்போம். அந்தக் "கோ"வின் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுதாக ஒரே குறியெண்ணாக, அல்லது முன் கொம்பும் பின் காலுமாக இரண்டு குறியெண்களாக. திரையில் இரண்டும் ஒன்றே. கோடுக்குள் எழுதும் பெயரைப் பைதன் வாசிக்கும்போதே ஒற்றைக் குறியெண்ணாகச் சேர்த்துவிடும். கோப்புப் பெயரை அது தொடுவதில்லை. ஆகவே உங்கள் விசைப்பலகை கோப்புப் பெயரை இரண்டு துண்டாகத் தட்டியிருந்தால், கண்ணுக்குமுன் கோப்பு இருக்கும், பைதன் இல்லை என்று சாதிக்கும். ஒகர, ஓகாரக் குறி வருகிற எல்லாப் பெயருக்கும் இது பொருந்தும்.

ஔகாரத்தில் இன்னொரு வில்லங்கம். "கௌ" என்பதற்குப் பதில் கொம்பு, க, ள என்று தட்டி "கெள" ஆக்குகிறவர்கள் பலர். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு சொல், பைதன் சேர்த்து வைக்காது.

எனவே கோடுக்குள் மாறிகளுக்குத் தமிழ் வையுங்கள், சந்தோஷம். கோப்புக்கும் ஃபோல்டருக்கும் மட்டும் ஆங்கில எழுத்தில் சிறிய பெயர் வைத்தால் தலையிடி குறையும்.

"பார்ஷலி இனிஷியலைஸ்ட் மொடியூல்" என்றால்?

விலை எடையைக் கூப்பிடுகிறது, எடை விலையைக் கூப்பிடுகிறது. விலை பாதி ஏறிய நிலையில் எடை அதனிடம் ஒரு செயற்கூறைக் கேட்கிறது, அது இன்னும் உருவாகவில்லை. இருவருக்கும் வேண்டியதை மூன்றாவது கோப்புக்கு மாற்றுங்கள். இம்போர்ட் வரியைச் செயற்கூறுக்குள் தள்ளினாலும் ஓடும், அது தற்காலிகம்.

விலை.பையைத் திருத்திச் சேமித்தேன், நோட்புக்கில் பழைய விலையே வருகிறது.

ஒரு தடவை ஏறிய மொடியூலைப் பைதன் சிஸ்.மொடியூல்ஸில் வைத்துக்கொள்ளும். திரும்ப இம்போர்ட் என்றால் கோப்பைத் திறக்காது, வைத்திருப்பதையே தரும். கேர்னலை (நோட்புக்கின் பின்னால் ஓடும் பைதனை) ரீஸ்டார்ட் செய்வதுதான் சுத்தமான வழி. இம்போர்ட்லிப்.ரீலோட் உண்டு, ஆனால் "ஃப்ரொம் சந்தை.விலை இம்போர்ட் ..." என்று முன்னரே எடுத்த பெயர்கள் பழையதாகவே நிற்கும். \_\_பைகேஷ்\_\_ ஃபோல்டரை (பைதன் தொகுத்த பிரதிகளை வைக்கும் இடம்) அழிக்கச் சொல்வார்கள். அழித்தால் கேடில்லை, ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தல்ல.

சோதனை ஃபோல்டரிலிருந்தும், வேறு புரொஜெக்டிலிருந்தும் சந்தையைக் கூப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னவை ஒரு புரொஜெக்டுக்குப் போதும். இதற்குமேல் என்றால் சந்தையை முறையாக நிறுவிவிடுங்கள். கணக்கு ஃபோல்டரில் பைபுரொஜெக்ட்.டொம்ல் என்ற கோப்பு:

[புரொஜெக்ட்]
நேம் = "சந்தை"
வேர்ஷன் = "0.1"

பிறகு எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, சந்தையை அதற்குள் நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால், சந்தை, சோதனை என்று மேல்மட்டத்தில் இரண்டு ஃபோல்டரைக் கண்டு, எதை நிறுவுவது என்று தெரியாமல் செட்அப்டூல்ஸ் என்ற பொதிசெய்யும் கருவி நின்றுவிடும். அப்புறம் வென்வுக்குள்:

பைதன் -எம் பிப் இன்ஸ்டோல் -இ .

கடைசிப் புள்ளியை விடாதீர்கள், "இந்த ஃபோல்டர்" என்று பொருள். -இ போட்டதால் கோப்புகள் பிரதியாகாது, இருந்த இடத்திலிருந்தே வாசிக்கப்படும். திருத்தினால் திரும்ப நிறுவத் தேவையில்லை. முதல் தடவை மட்டும் இணைய இணைப்பு வேண்டும்.

இம்போர்ட் சரியாகிவிட்டது. இப்போது விலைப்பட்டியல் சிஎஸ்வி கோப்பு இல்லை என்கிறது!

வேறு விதி. இம்போர்ட் சிஸ்.பாத்தைப் பார்க்கும், ஓபன் நீங்கள் நிற்கிற ஃபோல்டரைப் பார்க்கும். எங்கே நின்றாலும் கிடைக்க, பாத்லிப்பிலிருந்து பாத்தை எடுத்து, பாத்(\_\_ஃபைல்\_\_).பேரன்ட் / "பட்டியல்.சிஎஸ்வி" என்று எழுதுங்கள். மொடியூலுக்குப் பக்கத்திலுள்ள கோப்பு வரும்.

இன்னும் சரிவரவில்லை. கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

தட்டிய கட்டளை, எந்த ஃபோல்டரில் நின்று தட்டினீர்கள், பிழைச் செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரை, அப்புறம் சிஸ்.எக்ஸிகியூட்டபிளும் சிஸ்.பாத்தும் காட்டியது. எழுத்தாகப் பிரதி எடுத்து அனுப்புங்கள். திரையைச் சரிவாகப் பிடித்து ஃபோனில் எடுத்த படத்தில், எனக்கு வேண்டிய வரி எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும்.